மலிவு விலைக் கருவிகள்: மெஷினில் மிச்சம் பிடிக்கலாம், முனையில் பிடிக்கக் கூடாது

நான் வாங்கிய முதல் டூல் கிட்டில் 108 உருப்படிகள். பெட்டியைத் திறந்தால் ஒவ்வொன்றும் தன் தன் குழியில் பளபளவென்று உட்கார்ந்திருக்கும். ஏழெட்டு வருஷம் கழித்து ஒரு நாள் எண்ணிப் பார்த்தேன். கைஅழுக்கு பட்டிருந்தவை 11. மற்றதெல்லாம் குழியை விட்டு எழுந்ததே இல்லை. பாதிக்கு மேல் சின்னச் சின்ன ஸ்க்ரூ பிட்கள், அதிலும் ஒரே அளவில் மூன்று நான்கு. உருப்படிக் கணக்கைக் கூட்டிக் காட்ட அதைவிடச் சுலபமான வழி கிடையாது.

செட்டாக வாங்கியது ஒரு தவறு. ஆனால் நான் திட்டு வாங்கியது வேறொன்றுக்கு. அந்தப் பெட்டியில் போல்ட் தலைமேல் மாட்டித் திருகும் சாக்கெட்டுகள் எல்லாம் 12 முனை. துருவேறி இறுகிக் கிடந்த ஒரு போல்ட்டில் மாட்டி முழு பலத்தையும் போட்டேன். கடக் என்று ஒரு சத்தம். போல்ட் அசையவில்லை, அதன் தலைதான் உருண்டைக் கூழாங்கல் மாதிரி ஆகிவிட்டது. 6 முனை சாக்கெட் போல்ட் தலையின் ஆறு பக்கங்களையும் அகலமாகப் பிடிக்கும். 12 முனை மூலைகளை ஒட்டி மட்டும் பிடிக்கும், கொஞ்சம் லூசாக இருந்தாலும் மூலையை வழித்துவிடும். குறுகலான இடத்தில் திருப்பி மாட்ட 12 முனை வசதிதான். ஆனால் கழற்றி மாட்டாமலே முன்னும் பின்னும் அசைத்துத் திருகும் ராட்செட் கைப்பிடி இருக்கும்போது அந்த வசதிக்குத் தேவையே வருவதில்லை. ஆரம்பத்தில் வாங்கினால் 6 முனையாகவே வாங்குங்கள்.

மலிவாக வாங்குவதில் தப்பே இல்லை. என்னுடைய கருவிகளில் பாதிக்கு மேல் மலிவானவைதான். விலையைக் குறைக்க வேண்டுமென்றால் தயாரித்தவர் எதிலாவது கை வைத்திருப்பார். அது எதில் என்று பார்க்காமல் வாங்குவதுதான் தப்பு. பெட்டியிலோ பெயிண்டிலோ கைப்பிடி ரப்பரிலோ கை வைத்திருந்தால் வைக்கட்டும். கருவி வேலையைத் தொடுகிற இடத்தில், அதாவது பிட்டின் முனையில், பிளேடின் பல்லில், பொருளை இறுக்கிப் பிடிக்கும் வைஸின் தாடையில் கை வைத்திருந்தால் அது எத்தனை மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம்.

பெரிய டிரில், மொக்கை பிட்

பெரும்பாலோர் செய்வது நேர் எதிர். பட்ஜெட்டில் முக்கால்வாசியை டிரில் மெஷினுக்குக் கொடுத்துவிட்டு, மிச்சமிருக்கும் சில்லறைக்குத் தங்க நிறத்தில் மின்னும் ஒரு பிட் செட் வாங்குவார்கள். துளை போடுவது மெஷின் இல்லை, பிட். தங்க நிறம் உண்மையான டைட்டானியம் நைட்ரைடு பூச்சாகவே இருந்தாலும் அது சில மைக்ரான் தடிமன்தான். பூச்சுக்கு உள்ளே இருக்கும் எஃகு மட்டமாக இருந்தால் நான்காவது துளையிலேயே மழுங்கும்.

எச்.எஸ்.எஸ். (ஹை ஸ்பீட் ஸ்டீல்) என்று பொறித்த நல்ல பிட்கள் 3, 4, 5, 6, 8 மி.மீ. அளவுகளில் ஐந்து இருந்தால் வீட்டு வேலையில் பெரும்பகுதி முடிந்துவிடும். மரை போடும் ஆசை வந்தால் இந்த 5 மி.மீ. பிட்டே எம்6 டேப்புக்கு, அதாவது 6 மி.மீ. போல்ட்டுக்கு மரை வெட்டும் கருவிக்குச் சரியான அளவு. எம்8-க்கு மட்டும் தனியாக ஒரு 6.8 மி.மீ. வாங்க வேண்டிவரும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் துளை போடுபவர்கள் எம்35 என்று குறித்ததைக் கேட்டு வாங்கலாம், அதில் 5 சதவீதம் கோபால்ட் இருக்கும். வாங்கிய பிறகு வேகத்தைக் குறைத்து, அழுத்திப் பிடித்துப் போட வேண்டும். பிட் கடிக்காமல் மேலேயே சுற்றிக்கொண்டிருந்தால் ஸ்டெயின்லெஸ் அந்த இடத்தில் இன்னும் இறுகிவிடும். பிறகு எந்த பிட்டும் இறங்காது.

ஸ்க்ரூ டிரைவரிலும் இதே கதை. “பிளஸ்” என்று நாம் ஒரே பெயரில் சொல்வதில் இரண்டு ஜாதி உண்டு. ஒன்று 1936-இல் காப்புரிமை பெற்ற பிலிப்ஸ், இன்னொன்று பின்னால் வந்த போசிட்ரிவ். ஸ்க்ரூ தலையை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். பிளஸ் கோடுகளுக்கு நடுவே, மூலைவாட்டில் மெல்லிய நான்கு கீறல்கள் தெரிந்தால் அது போசிட்ரிவ். பி.இசட். என்று பொறித்த பிட் போட வேண்டியது அதற்கு. பிலிப்ஸுக்கான பி.ஹெச். போட்டால் உள்ளே ஆடும், அழுத்தினால் வெளியே துள்ளும், இரண்டு தடவை துள்ளினால் தலை போச்சு. “மட்டமான ஸ்க்ரூ” என்று நாம் தூக்கிப் போட்டவற்றில் எத்தனை, பிட் மாற்றிப் போட்டதால் செத்தவையோ.

லேபிளில் கொட்டை எழுத்து

தெரிந்தவர் ஒருவர் “48 வோல்ட்” என்று ஸ்டிக்கர் ஒட்டிய பேட்டரி டிரில்லைக் கொண்டுவந்தார். சார்ஜ் நிற்கவில்லை என்றார். நான்கு ஸ்க்ரூவைக் கழற்றி பேட்டரியைத் திறந்தோம். உள்ளே வரிசையாக ஐந்தே ஐந்து செல்கள். லித்தியம் அயான் செல் ஒன்று சராசரியாக 3.6 வோல்ட். ஐந்தைத் தொடராக இணைத்தால் 18. முழு சார்ஜில் ஒரு செல் 4.2 வரை ஏறும், அப்போது மொத்தம் 21. கடையில் 18, 20, 21 என்று மூன்று விதமாக எழுதியிருந்தாலும் உள்ளே அதே ஐந்து செல்லாக இருக்கலாம். 48 வோல்ட் வேண்டுமென்றால் 13 செல்லாவது தொடராக நிற்க வேண்டும். அந்தப் பெட்டிக்குள் 13 செல்லைத் திணித்தால் மூடியே போட முடியாது.

பேட்டரி எவ்வளவு தாங்கும் என்று காட்டும் ஆம்பியர்-ஹவரிலும் இந்த விளையாட்டு நடக்கும். 18650 எனப்படும் அளவுள்ள செல் ஒன்றுக்கு 3.5 ஆம்பியர்-ஹவர்தான் ஏறக்குறைய உச்சம். அப்படிப்பட்ட செல் ஐந்தை மட்டும் வைத்துக்கொண்டு 6 என்று எழுதியிருந்தால் நம்பாதீர்கள். செல் ஒன்று சுமார் 45 கிராம் இருக்கும். பேட்டரியைக் கையில் எடுத்ததும் காலி டப்பா மாதிரி லேசாக இருந்தால் சந்தேகப்படலாம்.

அதற்கு முன் ஒரு கேள்வி: உங்களுக்கு பேட்டரி டிரில் வேண்டுமா? மாதத்துக்கு ஒரு தடவை எடுப்பவர் என்றால் ஒயர் வைத்ததே மேல் என்பேன். பேட்டரி உபயோகிக்காமல் அலமாரியில் கிடந்தாலும் கிழடாகும், ஒயருக்கு அந்த வியாதி இல்லை. பேட்டரிதான் என்று முடிவெடுத்தால், நீங்கள் தேர்ந்தெடுப்பது டிரில்லை மட்டும் அல்ல, அந்த பேட்டரி மாட்டுகிற அத்தனை கருவிகளையும். அடுத்து வாங்கப்போகும், இரும்பு அறுக்கும் கிரைண்டரோ ரம்பமோ அதே பேட்டரியில் ஓடுமா, பேட்டரி தனியாகக் கிடைக்குமா என்று பார்த்துவிட்டுக் கை வையுங்கள்.

வெல்டிங் மெஷினில் எண் விளையாட்டு இன்னும் பெரியது. கைப்பை அளவுள்ள இன்வெர்ட்டர் வெல்டிங் மெஷினில் “250 ஆம்பியர்” என்று போட்டிருக்கும். வெல்டிங் வில் (ஆர்க்) எரிவதற்கு அந்த அளவில் சுமார் 30 வோல்ட் வேண்டும், பெருக்கினால் 7,500 வாட். வீட்டில் 230 வோல்ட், 16 ஆம்பியர் பிளக் கொடுப்பதே 3,680 வாட். இல்லாத மின்சாரத்தை மெஷின் எங்கிருந்து கொண்டுவரும்? பார்க்க வேண்டியது டியூட்டி சைக்கிள் என்ற வரியை. 120 ஆம்பியரில் 60 சதவீதம் என்றால், பத்து நிமிஷத்தில் ஆறு நிமிஷம் வேலை, நான்கு நிமிஷம் ஓய்வு. அந்த வரியே இல்லாத மெஷினை வைத்துவிட்டு வாருங்கள்.

கூடம் நிஜமாகவே கோணலா?

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். பட்டறையில் பல நேரம் கூடம் நிஜமாகவே கோணல்தான், மலிவு மூலைமட்டம் வைத்திருந்தால். இதற்கு விலை கூடியதைத் தேடிப் போக வேண்டியதில்லை, சோதித்து எடுத்தால் போதும். ஓரம் நேராக உள்ள ஒரு பலகையில் மட்டத்தை ஒட்டி வைத்துக் கூர்மையான பென்சிலால் ஒரு கோடு. மட்டத்தை அப்படியே மறுபக்கம் புரட்டி, அதே புள்ளியிலிருந்து இன்னொரு கோடு. இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தால் மட்டம் சரி. விரிந்து போனால், விரிந்த இடைவெளியில் பாதிதான் உண்மையான கோணல். பிழை இரட்டிப்பாகத் தெரிவதால் இந்தச் சோதனையில் பொடிப் பிழைகூட மாட்டிக்கொள்ளும்.

ரசமட்டத்துக்கும் இதேதான். ஒரு பரப்பில் வைத்துக் குமிழி நிற்கும் இடத்தைப் பாருங்கள், பிறகு தலைகால் மாற்றி அதே இடத்தில் வையுங்கள். குமிழி உங்கள் பார்வையில் அதே பக்கம் அதே அளவு ஒதுங்கினால் கோணல் பரப்பில். வேறு பக்கம் ஒதுங்கினால் கோணல் மட்டத்தில்.

அளக்கும் டேப் வாங்கும்போது நுனிக் கொக்கி ஆடுகிறது என்று திருப்பிக் கொடுப்பவர்கள் உண்டு. நானும் ஒரு காலத்தில் அதைச் சுத்தியலால் தட்டி இறுக்கியவன்தான். அந்த ஆட்டம் வேண்டுமென்றே வைத்தது. கொக்கியின் தடிமன் எவ்வளவோ அவ்வளவே ஆடும். வெளியே மாட்டி இழுத்தாலும் உள்ளே முட்டவைத்து அளந்தாலும் அளவு ஒன்றாக வர வேண்டும் என்பதற்காக. நான் தட்டிய டேப் அதற்குப் பிறகு ஒரு நாளும் சரியாக அளக்கவில்லை.

இங்கே மிச்சம் பிடிக்கவே கூடாது

கிரைண்டர் டிஸ்க். சாதாரண கட்டிங் டிஸ்க்கின் விளிம்பு நொடிக்கு 80 மீட்டர் வேகம் வரை தாங்கும். மணிக்கு 288 கிலோமீட்டர். டிஸ்க் பெரிதாகப் பெரிதாக, அந்த வேகத்தை எட்டும் சுற்று எண்ணிக்கை குறையும்: 100 மி.மீ. டிஸ்க்கில் 15,300 சுற்று, 125-இல் 12,250, 180-இல் சுமார் 8,500. சின்ன கிரைண்டர் 11,000 சுற்றில் ஓடும். அதன் கவசத்தைக் கழற்றிவிட்டுப் பெரிய கிரைண்டரின் 180 மி.மீ. டிஸ்க்கை மாட்டுபவர்களை நான் பார்த்திருக்கிறேன். அது உடைந்தால் துண்டு எங்கே போகும் என்று கேட்டால் சிரிப்பார்கள். பிசினால் கட்டிய டிஸ்க்குக்கு ஆயுளும் உண்டு. நடுத் துளையைச் சுற்றியுள்ள உலோக வளையத்தில் காலாவதி மாதமும் வருஷமும் பொறித்திருக்கும். தள்ளுபடி விலையில் மொத்தமாகக் கிடைத்தால் முதலில் அதைப் படியுங்கள். மரம் அறுக்க கிரைண்டரில் பல்லு வைத்த பிளேடு மாட்டுவதும் வேண்டாம், சிக்கினால் மெஷின் கையை விட்டு எகிறும்.

மல்டிமீட்டர். மிக மலிவான மீட்டரின் 10 ஆம்பியர் துளைக்குப் பக்கத்தில் “ஃபியூஸ் இல்லை” என்று பொடி எழுத்தில் அச்சடித்திருக்கும். ஒயரை அந்தத் துளையில் மறந்து விட்டுவிட்டு பிளக் பாயிண்டில் வோல்டேஜ் பார்க்கப் போனால் மீட்டர் அளக்காது, லைனையும் நியூட்ரலையும் நேராக இணைத்துவிடும். கையில் இருப்பது மீட்டர் அல்ல, ஷார்ட் சர்க்யூட். பேட்டரி, எல்.இ.டி., சின்ன போர்டு பார்க்க அந்த மீட்டர் தாராளமாகப் போதும். வீட்டு மின்சாரத்தில் கை வைப்பதென்றால் 10 ஆம்பியர் துளைக்கும் பீங்கான் ஃபியூஸ் உள்ளதாக, கேட் 3 (CAT III) என்ற பாதுகாப்புத் தரம் குறித்ததாக, பெயருள்ள தயாரிப்பாக வாங்குங்கள்.

கண்ணாடி, காது மூடி, முகமூடி மூன்றையும் மெஷினோடு ஒரே பில்லில் போட்டு வாங்கிவிடுங்கள். “அப்புறம்” என்றால் வராது. எக்ஸ்டென்ஷன் ஒயர் ரீலில் இருந்தால் முழுக்கப் பிரித்துவிட்டு லோடு கொடுங்கள், சுருண்ட ஒயரின் சூடு வெளியேற வழியிருக்காது.

பிடித்துக்கொள்ள ஆள் வேண்டாமா

மெஷின் மேல் மெஷினாக வாங்கிவிட்டு வேலைப் பொருளை இடது கையால் பிடித்துக்கொண்டு துளை போடுகிறோம். ஒரு வைஸும் நான்கு கிளாம்பும் எந்த மெஷினுக்கும் முன்னால் வர வேண்டியவை. பழையதாக வாங்க மிகச் சிறந்த பொருளும் வைஸ்தான். துரு இருந்தால் கவலையில்லை, தேய்த்தால் போகும். தாடையை மூடி வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள், நடுவில் ஒளி கசியக் கூடாது. உடலில் வெல்டிங் தழும்பு தெரிந்தால் வேண்டாம், வார்ப்பிரும்பு ஒருமுறை வெடித்தால் அந்த இடம் பழைய பலத்துக்கு வருவது அபூர்வம். இழைப்புளி, உளி, சுத்தியல் எல்லாம் பழையதாக வாங்கலாம். பேட்டரியும் டிஸ்க்கும் கூடாது.

மோட்டார் உள்ள எதை வாங்கினாலும், மோட்டாருக்குள் உரசித் தேயும் கார்பன் பிரஷ் வெளியிலிருந்தே கழற்ற முடிகிறதா, மாற்று பிரஷ் கிடைக்கிறதா என்று கேளுங்கள். சில மெஷின்களில் பிரஷ்ஷே இருக்காது, அப்போது கேள்வியும் இல்லை.

டிரில் வீட்டுக்கு வந்த அன்றே ஒரு வேலை இருக்கிறது. நேரான பிட் ஒன்றை எடுத்துக் கண்ணாடி மேல் உருட்டி, வளையவில்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். அதை சக்கில், அதாவது டிரில் பிட்டைப் பிடிக்கும் வாயில் இறுக்கி, மெதுவாகச் சுற்றவிட்டு முனையைப் பாருங்கள். முனை ஒரு புள்ளியாக நின்றால் வைத்துக்கொள்ளலாம். சின்ன வட்டம் போட்டால் பிட்டைக் கழற்றி, சற்றுத் திருப்பி மாட்டி மறுபடி பாருங்கள். அப்போதும் வட்டம் போட்டால் சக் கோணல். பெட்டியையும் பில்லையும் தூக்கிப் போடுவதற்கு முன்னால் இதைச் செய்ய வேண்டும்.