வக்கீல் கையாடிய பணத்தைத் திரும்பக் கேட்பது எப்படி: லண்டனிலும் கடலூரிலும்

கடலூர், புதுச்சேரி பக்கம் வீட்டுக்கு ஒருவராவது வெளிநாட்டில் இருப்பார். பிள்ளை லண்டனில் வீடு வாங்குகிறான், சித்தப்பா பாரீஸில் வீட்டை விற்கிறார், அக்கா சிங்கப்பூரில் இருக்கிறாள். லண்டனிலும் பாரீஸிலும் வீட்டுப் பணம் நேராக விற்பவர் கைக்குப் போகாது, நடுவில் பத்திர வேலை பார்ப்பவரின் கணக்கில் சில நாள் இருக்கும். அந்த இடைவெளியில் அவர் எடுத்துச் செலவழித்துவிட்டால் ஈடு கொடுக்கத்தான் இழப்பீட்டு நிதி. நியூசிலாந்து 1929லேயே இதற்குச் சட்டம் போட்டது. இங்கிலாந்தில் வக்கீல்களே ஆண்டுதோறும் கட்டும் தொகையில் நிதி நடக்கிறது, அதாவது ஒருவர் திருடினால் மொத்தத் தொழிலும் சேர்ந்து ஈடுகட்டுகிறது. எனக்கு இது மிக நியாயமான ஏற்பாடாகப் படுகிறது.

முதலில் இங்கிலாந்து.

படி 1: பணம் வாங்கியவர் யார் என்று பாருங்கள். சொலிசிட்டர் (அங்கே வக்கீல்) என்றால் அவர்களைக் கண்காணிக்கும் எஸ்ஆர்ஏ அமைப்பு, உரிமம் பெற்ற கன்வேயன்ஸர் (வீட்டுப் பத்திர வேலை மட்டும் பார்ப்பவர்) என்றால் அவர்களுக்கான சிஎல்சி அமைப்பு. இரண்டுக்கும் தனித்தனி நிதி, தனித்தனி விண்ணப்பம். இரண்டின் இணையதளத்திலும் பெயர் போட்டுத் தேடலாம். பதிவே இல்லாத போலி ஆள் என்றால் இந்த நிதி உதவாது, போலீஸ்தான். அதனால் இந்தத் தேடலைப் பணம் அனுப்பும் முன்பே செய்துவிடுங்கள், ஐந்து நிமிட வேலை.

படி 2: நடந்தது திருட்டா, கவனக்குறைவா? ரொம்பப் பேர் குழம்பும் இடம் இதுதான். பணத்தை எடுத்துக்கொண்டார், கணக்குக் காட்ட மறுக்கிறார் என்றால் நிதி. வில்லங்கத்தைச் சரியாகப் பார்க்காமல் விட்டதால் நஷ்டம் என்றால் அது அவருடைய தொழில் காப்பீட்டில் கேட்க வேண்டியது, நிதிக்கு எழுதினால் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

படி 3: காகிதம் சேருங்கள். பணம் போனதற்கான வங்கி அறிக்கை, அவர் தந்த கடிதங்கள், மின்னஞ்சல், பில். கையில் ரொக்கமாகக் கொடுத்து ரசீது வாங்காமல் விட்டிருந்தால் நிரூபிப்பது மிகக் கடினம்.

படி 4: தள்ளிப்போடாதீர்கள். எஸ்ஆர்ஏ நிதிக்கு, நஷ்டம் தெரியவந்ததிலிருந்து 12 மாதத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும். ஒரு விண்ணப்பத்துக்கு அதிகபட்சம் 5 லட்சம் பவுண்டு. கட்டணம் கிடையாது, இன்னொரு வக்கீல் வைத்துத்தான் எழுத வேண்டும் என்பதும் இல்லை. ஆனால் கொடுப்பதும் மறுப்பதும் அவர்கள் முடிவு, அதோடு வேறு வழியில் பணம் வர வாய்ப்பிருந்தால் முதலில் அதைப் பாருங்கள் என்பார்கள்.

பிரான்ஸில் சித்தப்பாவின் நொத்தேர், அதாவது அங்கே பத்திர வேலை பார்ப்பவர், பணத்தைத் தொட்டுவிட்டால், நொத்தேர்கள் எல்லோரும் சேர்ந்து வைத்திருக்கும் உத்தரவாத நிதி பொறுப்பேற்கும். சிங்கப்பூர் இன்னும் ஒரு படி மேலே போனது: 2006இல் ஒரு வக்கீல் கட்சிக்காரர் பணத்தோடு நாட்டைவிட்டே ஓடிய பிறகு, 2011 முதல் வீடு வாங்கும் பணத்தை வக்கீல் தன் சாதாரணக் கணக்கில் வைக்கவே கூடாது, அதற்கென்று உள்ள தனிக் கணக்கில்தான் போக வேண்டும் என்று விதி போட்டுவிட்டார்கள்.

சரி, நம்மூர்?

இங்கே அப்படி ஒரு நிதி இல்லை. வக்காலத்தில் ஒட்டும் நல நிதி ஸ்டாம்பைப் பார்த்து நமக்கும் ஏதோ பாதுகாப்பு இருக்கிறது என்று நினைக்க வேண்டாம், அது வக்கீல்களின் நலனுக்கு. நுகர்வோர் நீதிமன்றத்துக்கும் போக முடியாது, வக்கீல் சேவை நுகர்வோர் சட்டத்துக்குள் வராது என்று 2024 மே மாதம் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. விபத்து இழப்பீட்டையும் அரசு நிலம் எடுத்ததற்குத் தந்த பணத்தையும் வக்கீலிடம் இழந்து நிற்கும் ஏழைக் குடும்பங்களுக்கு இது பெரிய அநியாயம், இங்கேயும் ஒரு நிதி வந்தே ஆக வேண்டும்.

அதுவரை செய்ய வேண்டியது இது. முதலில் கணக்குக் கேட்டு எழுத்தில் கடிதம் அனுப்புங்கள், தபால் ஒப்புகையைப் பத்திரப்படுத்துங்கள். கட்சிக்காரர் பணத்துக்குக் கணக்கு வைக்க வேண்டும், கேட்டால் நகல் தர வேண்டும் என்று பார் கவுன்சில் விதியே இருக்கிறது. பதில் இல்லையா, மூன்று பக்கமும் போகலாம். ஒன்று, தமிழ்நாடு மற்றும் புதுச்சேரி பார் கவுன்சிலில் 1961 வழக்கறிஞர் சட்டம் 35ஆம் பிரிவில் புகார். அவரை இடைநீக்கம் செய்யலாம், பெயரையே நீக்கலாம், ஆனால் உங்கள் பணம் இந்த வழியில் வராது. ஒரு வருடத்தில் முடிக்காவிட்டால் புகார் இந்திய பார் கவுன்சிலுக்குப் போகும். இரண்டு, போலீஸ். நம்பிக்கை மோசடி, பிஎன்எஸ் (இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த புதிய சட்டம்) 316ஆம் பிரிவு. ஸ்டேஷனில் வாங்க மறுத்தால் எஸ்பிக்குத் தபாலில் அனுப்புங்கள், அதற்கும் சட்டத்தில் இடமுண்டு. மூன்று, பணத்தைக் கேட்டு சிவில் வழக்கு, பொதுவாக மூன்று வருடத்துக்குள். இன்னொரு வக்கீலுக்குக் கொடுக்கக் காசில்லை என்றால் 15100க்குப் போன் செய்து இலவச சட்ட உதவி கேளுங்கள். பெண்களுக்கு வருமான வரம்பே கிடையாது.

பணம் வாங்கியவர் வக்கீல் இல்லை, பத்திர எழுத்தர் என்றால் பார் கவுன்சிலுக்குப் போகாதீர்கள். தமிழ்நாட்டில் அவருக்கு உரிமம் தருவது பதிவுத்துறை, அதனால் மாவட்டப் பதிவாளரிடம் எழுதுங்கள். முத்திரைத் தீர்வையையும் பதிவுக் கட்டணத்தையும் அவர் கையில் ரொக்கமாகக் கொடுக்காமல் பதிவுத்துறை தளத்தில் உங்கள் கணக்கிலிருந்தே கட்டுங்கள், விற்பவருக்கு டிடி அல்லது நேரடி வங்கி மாற்றம். விபத்து வழக்கில் இருக்கிறவர்கள், தீர்ப்பு வந்ததும் உங்கள் பாஸ்புக் நகலைக் கோர்ட்டில் கொடுத்து, தொகையை நேராக உங்கள் கணக்கில் போடச் சொல்லி மனு போடும்படி வக்கீலிடம் கேளுங்கள்.