வேலையை விட்டுவிட்டுக் குடிமைப் பணித் தேர்வில் இறங்குவதற்கு முன்

இருபத்தைந்து வயதில் மாதச் சம்பளத்தை உதறிவிட்டு ஐ.ஏ.எஸ். கனவோடு படிக்க உட்கார நினைப்பவர், ராஜினாமாக் கடிதம் எழுதுவதற்கு முன் ஒரு கணக்கைப் பார்த்துவிட வேண்டும். 2024ஆம் ஆண்டுத் தேர்வுக்கு விண்ணப்பித்தவர்கள் 9,92,599 பேர்; இறுதிப் பட்டியலில் இடம்பெற்றவர்கள் 1,009 பேர். விண்ணப்பித்தவர்களில் ஏறத்தாழ நான்கு லட்சம் பேர் தேர்வறைக்கே வரவில்லை என்பது சிறு ஆறுதல்தான்.

வேலையில் இருக்கும்போதே ஒரு ஞாயிற்றுக்கிழமையை ஒதுக்கி, முதல் கட்டமான முதல்நிலைத் தேர்வின் பழைய தாள்கள் இரண்டையும், தாளுக்கு இரண்டு மணி நேரம் என்று கடிகாரத்தைப் பார்த்து எழுதிப் பாருங்கள். இரண்டாம் தாளில் 33 விழுக்காடு எடுத்தால் போதும் என்பதால் அதை அலட்சியப்படுத்தி, முதல் தாளில் நல்ல மதிப்பெண் இருந்தும் கவிழ்ந்தவர்கள் பலர். தமிழ்வழியில் படித்தவர்கள் இன்னொன்றையும் எண்ணிப் பார்க்க வேண்டும்: அடுத்த கட்டமான முதன்மைத் தேர்வைத் தமிழில் எழுதலாம், முதல்நிலை வினாத்தாளோ ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே வரும்.

பொதுப் பிரிவினருக்கு 32 வயதுக்குள் 6 வாய்ப்புகள், இதர பிற்படுத்தப்பட்டோருக்கு 35 வயதுக்குள் 9 வாய்ப்புகள். பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் 37 வயது வரை எண்ணிக்கை வரம்பு இல்லை. விண்ணப்பித்துவிட்டுத் தேர்வுக்குப் போகாமல் இருந்தால் வாய்ப்பு கழியாது, ஆனால் முதல்நிலையில் ஒரு தாளை எழுதினாலும் ஒன்று கழிந்துவிடும். ஆகவே, "சும்மா எழுதிப் பார்க்கலாம்" என்று போய் உட்காருவது, என் கருத்தில், கைமுதலை வீணடிப்பதாகும்.

முதல்நிலையில் தொடங்கி இறுதி முடிவு வர ஏறத்தாழ ஓராண்டு ஆகும். அதற்கு முந்தைய தயாரிப்பையும் சேர்த்து, குறைந்தது பதினெட்டு மாதச் செலவுக்கான பணம் கையில் இருக்க வேண்டும். தமிழக அரசின் நான் முதல்வன் திட்டத்தில், மதிப்பீட்டுத் தேர்வின் மூலம் தேர்ந்தெடுக்கப்படும் 1,000 பேருக்கு மாதம் 7,500 ரூபாய் வீதம் பத்து மாதங்களுக்குக் கிடைக்கும். அது கிடைத்தால் நல்லது, ஆனால் அதை நம்பி வேலையை விடக்கூடாது.

விலகும்போது நோட்டீஸ் காலத்தை முழுமையாக முடித்து, பணிவிடுப்புக் கடிதத்தையும் அனுபவச் சான்றிதழையும் வாங்கிக்கொள்ளுங்கள். திரும்பி வர நேர்ந்தால் அவைதான் கதவைத் திறக்கும். ஐந்தாண்டு பணி நிறையாமல் வருங்கால வைப்பு நிதியை எடுத்தால் வரி விழக்கூடும் என்பதால் அதைத் தொட வேண்டாம். நிறுவனத்தின் குழு மருத்துவக் காப்பீடு வேலையோடு போய்விடுமாதலால், தனிக் காப்பீட்டை முன்னரே எடுத்துவிடுங்கள்.

இறுதியாக, எத்தனை முயற்சிகள், எவ்வளவு பணம், எந்தத் தேதி வரை என்று ஒரு தாளில் எழுதி, வீட்டாரிடம் காட்டிவிடுங்கள். ஓரிரு மதிப்பெண்ணில் முதல்நிலையைத் தவறவிட்ட அன்று அந்தக் கெடுவை நீட்டிக்கச் சொல்லி மனம் வாதாடும். அன்றைக்கு எடுக்கும் முடிவைவிட, சம்பளம் வந்துகொண்டிருந்த நாளில் எழுதிய முடிவே நிதானமானது.