பத்துக் குலைக்கு 1.96 போட்ட கதை

சுங்கை சிப்புட் பக்கம், எங்கள் தோட்டத்தில் 10 செம்பனைக் குலைகளை எடை போட்டேன். சராசரி 18 கிலோ, திட்ட விலக்கம் (எடைகள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறுகின்றன என்ற அளவு) 4. தண்டல் மாமாவோ, "தோட்டம் முழுக்கச் சராசரி 20.6 இருக்கும்டா" என்றார். 95 சதவீத நம்பிக்கை இடைவெளிக்கு, அதாவது தோட்டத்தின் உண்மைச் சராசரி இருக்கக்கூடிய எல்லைக்கு, வழக்கம்போல 1.96 என்ற பெருக்கெண்ணைப் போட்டேன், 15.5 முதல் 20.5 வரை வந்தது. மாமா சொன்னது தப்பு என்று பசியாறும்போதே அறிவித்தும் விட்டேன். அவசரக்குடுக்கை!

அப்புறம்தான் உறைத்தது. அந்த 4, என் பத்துக் குலைகளிலிருந்தே வந்த மதிப்பீடு. முழுத் தோட்டத்தின் விலக்கம் யாருக்குத் தெரியும்? அது தெரிந்தால்தான் 1.96 பொருந்தும். இதற்கு, அந்தக் கூடுதல் சந்தேகத்தையும் கணக்கில் எடுக்கும் டி பரவல்தான் சரி. மது ஆலையில் வேலை பார்த்த வில்லியம் காசெட் என்பவர், சிறு மாதிரிகளுக்காகவே 1908-இல் வெளியிட்டது. கட்டின்மைக் கூறு 9-க்கு (குலைகளின் எண்ணிக்கையில் ஒன்று குறைவு) பெருக்கெண் 2.262. இடைவெளி 15.1 முதல் 20.9 வரை விரிந்தது. 20.6 உள்ளேயே இருக்கிறது. அதனால் மாமா சொன்னது சரியென்று ஆகிவிடாது. மறுக்க ஆதாரம் போதவில்லை, அவ்வளவுதான். இதை அவருக்கு விளக்க இரண்டு கோப்பை தே ஆனது.