கொல்லையில் மரக்கால் நட்டு ஒரு கூடைப்பந்து ரிங்

விலை மலிவாகக் கிடைக்கும் சக்கரம் வைத்த ஸ்டாண்டில் பந்து பட்டாலே மொத்தமும் ஆடும். மரத்தில் நாமே செய்தால் ஆடாது, ஆனால் மண்ணுக்குள் போகும் 3 அடியை ஒழுங்காகச் செய்திருக்க வேண்டும். போர்டையோ ரிங்கையோ எப்போது வேண்டுமானாலும் கழற்றி மாற்றிக்கொள்ளலாம், புதைத்ததை மாற்ற முடியாது. அதனால் காசையும் பொறுமையையும் அங்கே போடுங்கள்.

முதலில் இடம். பிள்ளைகள் சாயங்காலம்தான் ஆடுவார்கள், போர்டு மேற்குப் பக்கம் இருந்தால் வெயில் நேராகக் கண்ணில் அடிக்கும். வடக்கிலோ தெற்கிலோ வையுங்கள். மேலே கரண்ட் கம்பி போகிறதா, கீழே தண்ணீர்க் குழாய் ஓடுகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கடப்பாரையை எடுக்க வேண்டும்.

மரத்துக்கு 4-க்கு 4 அங்குலச் சட்டம், 15 அடி நீளத்தில் இரண்டு. சவுக்கு மலிவுதான், சாரம் கட்ட அருமையானதும்கூட, ஆனால் புதைத்து வைத்தால் கரையான் விடாது. வாசல்நிலை செய்கிற வேங்கை போன்ற கடின மரம் வாங்குங்கள். இன்னும் நல்ல யோசனை, பழைய வீடு இடித்த சாமான் விற்கும் கடையில் உத்தரம் கிடைக்குமா என்று விசாரிப்பது. பல வருடம் காய்ந்த மரம் என்பதால் இனி முறுக்கிக்கொள்ளாது, உள்ளே ஒளிந்திருக்கும் ஆணிகளை மட்டும் பிடுங்கிவிட வேண்டும். மண்ணுக்குள் போகும் பகுதிக்கும் அதற்கு மேல் அரை அடிக்கும் கரையான் மருந்து அடித்து, காய்ந்த பிறகு இரண்டு கோட்டிங் தார் பூசுங்கள்.

இப்போது குழி. இரண்டு சட்டத்துக்கும் நடுவே இரண்டரை அடி இடைவெளி விட்டு, ஒன்றரை அடி அகலத்தில் மூன்றரை அடி ஆழம் தோண்டுங்கள். அடியில் அரை அடி வெறும் ஜல்லி, தண்ணீர் இறங்க. கரிசல் மண் மழைக்கு உப்பும், கோடைக்கு வெடிக்கும், அங்கே இன்னும் ஓர் அடி ஆழம் போவதே நல்லது. அதற்கேற்ப நீளமான சட்டமாக வாங்கிக்கொள்ளுங்கள்.

சட்டங்களைத் தரையில் படுக்க வைத்து, மேல்முனையில் ஒரு 4-க்கு 2 குறுக்குச் சட்டத்தை போல்ட் போட்டு இறுக்குங்கள். கீழே தற்காலிகமாக ஒரு ரீப்பர் (மெல்லிய மரப்பட்டி) அடித்தால் போதும். தூக்கி நிறுத்த நாலைந்து பேரும் கயிறும் வேண்டும், தனியாக முயற்சி செய்யாதீர்கள். தூக்குக்குண்டு பிடித்து முன்பக்கமும் பக்கவாட்டிலும் நேர் பார்த்து, முட்டுக் கொடுத்துவிட்டு, சிமெண்ட், மணல், ஜல்லி 1:2:4 கலவையைக் குத்திக் குத்தி நிரப்புங்கள். சிமெண்ட் இரண்டரை மூட்டை பிடிக்கும். கலவையின் மேல்பாகம் தரையைவிடச் சற்று உயர்ந்து வெளிப்பக்கம் சரிய வேண்டும், தண்ணீர் மரத்தடியில் தேங்கினால் தாரும் காப்பாற்றாது. ஒரு வாரம் தண்ணீர் ஊற்றுங்கள், அதுவரை முட்டுகளை எடுக்க வேண்டாம்.

அப்புறம்தான் உயரம். ரிங் தரையிலிருந்து 10 அடி. 1891-இல் இந்த ஆட்டத்தைக் கண்டுபிடித்த நெய்ஸ்மித் பழக்கூடையை ஆணியடித்த மாடிக் கைப்பிடி அந்த உயரத்தில் இருந்தது, இன்றுவரை அதுவேதான். சின்னப் பிள்ளைகள் என்றால் எட்டரை அடி போதும், பிறகு ஏற்றிக்கொள்ளலாம். பின்னாளில் தளம் போடுவதாக இருந்தால் அந்தக் கனத்தையும் இப்போதே கூட்டிக்கொள்ளுங்கள்.

போர்டுக்கு 18 மில்லிமீட்டர் மெரைன் பிளை (தண்ணீர் தாங்கும் பிளைவுட்), 4-க்கு 3 அடி. வெட்டிய ஓரம்தான் முதலில் தண்ணீர் குடிக்கும், அங்கே பிரைமரைத் தாராளமாக விடுங்கள். ரிங் போர்டின் அடிவிளிம்பிலிருந்து அரை அடி மேலே வரும். அந்த இடத்துக்கு நேர் பின்னால் இரண்டு குறுக்குச் சட்டம் ஒட்டி ஒட்டி வைத்து, ரிங்கின் போல்ட் பிளையையும் சட்டத்தையும் துளைத்துப் பின்னால் வாஷரோடு முடிய வேண்டும். வெறும் பிளையில் ஸ்க்ரூ முடுக்கினால் சீக்கிரமே பிய்ந்துவிடும்.

கால்களைச் சுற்றி ஆள் உயரத்துக்குப் பழைய மெத்தை ஃபோமைக் கட்டுங்கள், வேகமாக வருகிறவன் அதில்தான் மோதுவான். ரிங்கில் தொங்குவதற்கு இது செய்யப்படவில்லை என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். கோடை முடிந்ததும் நட்டுகளை ஒருமுறை முடுக்க வேண்டும், மரம் சுருங்கி அவை இளகியிருக்கும்.