மாமரத்துக்கு ஒரு கத்தி, புளிய மரத்துக்கு உளி

செதுக்குக் கத்தி வாங்கும்போது எல்லோரும் இரும்பைப் பற்றித்தான் விசாரிக்கிறார்கள். அதைவிட முக்கியம் வாயின் சரிவு, அதாவது வெட்டும் விளிம்பை நோக்கித் தீட்டிய சாய்வு. எந்த மரத்தைச் செதுக்கப் போகிறீர்களோ, அதுதான் சரிவைத் தீர்மானிக்கும்.

மரம் மென்மையா கெட்டியா என்று தெரிய, அதில் கட்டைவிரல் நகத்தை அழுத்திப் பாருங்கள். மலைவேம்பு, குமிழில் தடம் விழும். காய்ந்த மாமரத்தில் லேசாகத் தெரியும். வைரம் பாய்ந்த புளியில் விழவே விழாது.

2 மி.மீ. கனமுள்ள, இருபுறமும் தீட்டிய கத்தி என்றால், சரிவின் அகலத்தை ஸ்கேல் வைத்து அளந்தாலே இருபுறமும் சேர்ந்த கோணம் தெரிந்துவிடும். அகலம் 5.5 முதல் 6 மி.மீ. இருந்தால் சுமார் 20 டிகிரி. இது மலைவேம்புக்கும் குமிழுக்கும். 4.5 மி.மீ. என்றால் 25 டிகிரி. மா, வேம்பு, தேக்குக்கு இதை எடுங்கள். மெல்லிய வாயைக் கெட்டி மரத்தில் வைத்து, கணு வந்த இடத்தில் நெம்பினால் நுனி சில்லாகப் பொரிந்துவிடும். தடித்த வாயை மென்மரத்தில் வைத்தால் நார் அறுபடாமல் நசுங்கி, வெட்டிய முகம் பஞ்சு போலாகும். அலகு ஒன்றரை அங்குலம் போதும். நீண்ட அலகில் கையின் அழுத்தம் நுனிக்குப் போய்ச் சேராது.

கிருஷ்ணகிரிப் பக்கம் சுலபமாகக் கிடைப்பது மாங்கட்டை. பழைய தோப்பை வெட்டும்போது கேட்டு வாங்கலாம். ஆனால் அதில் நார் ஒரே திசையில் ஓடாது. ஒரு விரற்கடை வழுவழுப்பாக வரும், அடுத்த விரற்கடையில் பெயர்த்துக்கொண்டு வரும். அங்கே அழுத்திப் பயனில்லை. கட்டையைத் திருப்பி எதிர்ப்பக்கத்திலிருந்து மெல்லிய சீவலாக எடுங்கள். அரை ஈரத்தில் செதுக்கினால் பாதி பலம் போதும். வேலையை நிறுத்தும்போது பிளாஸ்டிக் பையில் சுற்றி வையுங்கள். இரு முனைகளிலும் மெழுகோ பெயின்டோ பூசாவிட்டால் வெடிப்பு விடும்.

பழகுவதற்கு வெட்பாலை கிடைத்தால் விடாதீர்கள். நெருக்கமான நார், பிசிறு குறைவு. கர்நாடகாவின் சன்னபட்டணா பொம்மைகளுக்குப் பேர்போன மரம் அது.

தேக்கு செதுக்க இதமானதுதான், ஆனால் அதிலுள்ள சிலிக்கா வாயைச் சீக்கிரம் மழுக்கிவிடும். கால் மணிக்கு ஒருமுறை தோல் பட்டையில் பத்து இழுப்பு இழுத்துவிட்டுத் தொடருங்கள். இழுக்கும்போது கத்தியின் முதுகு முன்னால் போக வேண்டும். வாய் முன்னால் போனால் தோல் அறுபடும்.

தர்மபுரிச் சாலையோரங்களில் பார்க்கும் புளிய மரத்தின் வைரத்துக்குக் கத்தியை நம்பாதீர்கள். 30 டிகிரி உளியும் கொட்டாப்புளியும் (மரச் சுத்தியல்) கொண்டு உருவம் எடுத்துவிட்டு, முடிப்பு வேலைக்கு மட்டும் கத்தி.

இனி இரும்பு. கார்பன் ஸ்டீல் நல்லது, சாணைக்கல்லில் சீக்கிரம் கூர்மை ஏறும். ஈர மரம் பட்டால் கறுக்கும், துடைத்து எண்ணெய் பூசினால் போதும். கிரைண்டரில் தீட்டும்போது வாய் நீலமாக மாறினால் பதம் (இரும்பின் கடினம்) போய்விட்டது என்று அர்த்தம், அந்த இடம் முழுவதையும் தேய்த்து எடுத்தாக வேண்டும். இரண்டு மூன்று நொடிக்கு ஒருமுறை தண்ணீரில் முக்குங்கள்.

கூர்மையைத் தாளில் சோதிக்காதீர்கள். மென்மரத் துண்டில் நாருக்குக் குறுக்கே அறுத்த முகத்தில் சீவிப் பாருங்கள். வெட்டு பளபளவென்று இருந்தால் கத்தி தயார். வெள்ளைக் கோடு தெரிந்தால் அந்த இடத்தில் வாய் பொரிந்திருக்கிறது, மறுபடி கல்லுக்குப் போங்கள்.