‘எழுதினது எழுதினதே’: ஒரு கிரேக்க வினையைப் பிரித்துப் பார்ப்போம்

புதிய ஏற்பாட்டைக் கிரேக்கத்தில் படிக்க ஆசைப்படுகிறவர்கள் பலர் வினை அட்டவணையைக் கண்டதும் புத்தகத்தை மூடிவிடுகிறார்கள். அட்டவணை அப்புறம் பார்க்கலாம். யோவான் 19:19–22ஐத் திறந்து வையுங்கள். இயேசுவின் சிலுவைமேல் ரோம ஆளுநர் பிலாத்து எழுதி வைத்த பலகையைப் பற்றிய நாலு வசனம். ‘எழுது’ என்ற ஒரே வினை அங்கே நாலு வேஷம் போடுகிறது.

படி 1: அகராதியில் ‘க்ரஃபோ’ என்று இருக்கும். ‘எழுதுகிறேன்’ என்று பொருள். நம் ‘-ஏன்’ விகுதியின் வேலையை அந்தக் கடைசி ‘ஓ’ செய்கிறது. அதைக் கழற்றினால் ‘க்ரஃப்’ என்ற அடி கிடைக்கும்.

படி 2: 19ஆம் வசனத்தின் தொடக்கம், ‘எக்ரப்ஸென்’. முன்னால் ஒட்டிய ‘எ’ இறந்தகாலக் குறி. ஃப், ஸ் இரண்டும் சேர்ந்து ‘ப்ஸ்’ ஆகிவிட்டன. ‘எழுதினான்’, அவ்வளவுதான். இந்த வடிவத்துக்கு அயோரிஸ்ட் என்று பெயர்.

படி 3: அதே வசனத்திலும் அடுத்ததிலும் ‘ஏன் கெக்ரம்மெனொன்’ வருகிறது. (இந்த ‘ஏன்’ கேள்வி அல்ல, ‘இருந்தது’!) ‘எழுதப்பட்டிருந்தது’ என்று பொருள், எபிரெயு, லத்தீன், கிரேக்கு என மூன்று மொழிகளில். ‘ஃப்’ எங்கே போயிற்று? பின்னால் மகரம் வந்ததால் அதுவும் ‘ம்’ ஆகிவிட்டது. நெல்லும் மணியும் சேர்ந்து நென்மணி ஆகிறதல்லவா, அந்த மாதிரிப் புணர்ச்சிதான்.

படி 4: 21இல் பிரதான ஆசாரியர் ‘மே க்ரஃபெ’ என்கிறார்கள். ‘மே’ தடை, ‘க்ரஃபெ’ ஏவல். ‘யூதருடைய ராஜா என்று எழுதாதேயும்.’

படி 5: இனிதான் விஷயம். பிலாத்துவின் பதில்: ‘ஹொ கெக்ரஃப, கெக்ரஃப’. ‘ஹொ’ என்றால் ‘எதை எழுதினேனோ அதை’ என்பதில் வரும் ‘எதை’, கேள்வி அல்ல. வினையின் முதல் மெய்யை எடுத்து, எகரம் சேர்த்து, முன்னால் ஒட்டுங்கள்: கெ + க்ரஃப். இதுதான் பெர்ஃபெக்ட், செயல் முடிந்தது, அதன் பலன் இப்போதும் நிற்கிறது என்று சொல்லும் வடிவம். படி 3இல் பார்த்த ‘கெ’யும் இதுவே. ‘நான் எழுதியிருப்பதை எழுதியிருக்கிறேன்’ என்று பெயர்த்தால் இலக்கணம் சரி, ஆனால் சப்பென்று இருக்கிறது. பழைய தமிழ் வேதாகமத்தில் ‘நான் எழுதினது எழுதினதே’. பெர்ஃபெக்டின் ‘இருக்கிறேன்’ பகுதியை விட்டுவிட்டு, அந்தப் பிடிவாதத்தை ஒரு தேற்ற ஏகாரத்தில் வைத்துவிட்டார்கள். எனக்கு இதுவே பிடிக்கும்.

ஒரு எச்சரிக்கை: பெர்ஃபெக்டைக் கண்டவுடன் ‘என்றென்றைக்கும்’ என்று பிரசங்கம் பண்ணிவிடாதீர்கள். சொல்கிற நேரத்தில் பலன் நிற்கிறது என்பதற்குமேல் இந்த வடிவம் உறுதி தருவதில்லை.

பயிற்சிக்கு மத்தேயு 4:1–11. ‘கெக்ரப்தை’, அதாவது ‘எழுதியிருக்கிறது’, நாலு தடவை வரும். மூன்று இயேசு சொல்வது. மிச்சம் ஒன்று யார் வாயில் வருகிறது என்று பாருங்கள்.