பணம் போய்விட்டது, ஈடு எங்கே? சார்ஜ் பதிவில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் ஒரு வங்கிக் கிளையிலிருந்து இளம் அதிகாரி ஒருவர் போன் செய்தார். "சார், எல்லாப் பேப்பரும் கையெழுத்தாகிவிட்டது, பணமும் விட்டாச்சு. சிஎச்ஜி-1 மட்டும் பாக்கி. கம்பெனி ஆடிட்டர் பார்த்துக்கொள்கிறேன் என்றார்." சிஎச்ஜி-1 என்பது, கம்பெனியின் சொத்தின் மேல் கடன் கொடுத்தவருக்கு உள்ள ஈட்டு உரிமையை, அதாவது சார்ஜை, கம்பெனிப் பதிவாளரிடம் பதியும் படிவம். கையெழுத்தாகி எத்தனை நாள் என்று கேட்டேன். தொண்ணூறைத் தாண்டியிருந்தது. மதியச் சாப்பாட்டை அப்படியே வைத்துவிட்டுக் கிளம்பினேன்.

வங்கிகளுக்கும் கடன் வாங்கும் கம்பெனிகளுக்கும் நடுவில் இந்த ஈட்டுப் பத்திர வேலையை இருபது வருடமாகச் செய்து வருகிறேன். நான் செய்த அதே தவறுகளைப் புதிதாக வரும் பிள்ளைகளும் வரிசையாகச் செய்வதைப் பார்க்கப் பொறுக்கவில்லை, அதனால்தான் இதை எழுதுகிறேன். முத்திரைத்தாள் குறைவு, சர்வே எண் பிசகு, ஒரு பக்கத்தில் கையெழுத்து விட்டுப்போனது போன்றவற்றை விட்டுவிடுகிறேன். செக்லிஸ்ட் வைத்திருக்கும் எந்த அலுவலகத்திலும் அவை பிடிபட்டுவிடும்.

ஒன்றை மட்டும் முதலில் மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். கடன் கொடுத்தவரும் வாங்கியவரும் கையெழுத்துப் போட்டால் அவர்கள் இருவருக்குள் ஈடு உருவாகிவிடும். கடன் கொடுத்த மற்றவர்கள் (கடன்காரர் என்று நான் சொல்வது இவர்களைத்தான்), கம்பெனியைக் கலைத்துக் கணக்கு முடிக்கும் லிக்விடேட்டர், நாளைக்கு அதே சொத்தை வாங்க வருபவர் என்று எல்லோருக்கும் எதிராக அது நிற்க வேண்டுமானால், அதற்குரிய இடத்தில் பதிந்திருக்க வேண்டும்.

சிஎச்ஜி-1-ஐக் கம்பெனியின் பொறுப்பில் விடுவது

எனக்கு இன்றைக்கும் ஆறாத கோபம் இதில்தான்.

2013 கம்பெனிகள் சட்டத்தின் 77-வது பிரிவு, சார்ஜைப் பதியும் கடமையைக் கடன் வாங்கிய கம்பெனியிடம் கொடுத்திருக்கிறது. உடனே கடன் கொடுத்தவர், "அது அவர்கள் வேலை" என்று நிம்மதியாக இருந்துவிடுகிறார். ஆனால் பதியாவிட்டால் வரும் நஷ்டம் யாருக்கு? 77(3) தெளிவாகவே சொல்கிறது: பதிவாளர் சான்றிதழ் கொடுக்காத சார்ஜை லிக்விடேட்டரோ வேறு கடன்காரரோ கணக்கில் எடுக்க மாட்டார்கள். கடன் அழியாது, வசூலிக்கும் உரிமை அப்படியே இருக்கும். ஈடுதான் கைவிட்டுப் போகும்.

2008-ல் நான் இதே தவறைச் செய்தேன். கம்பெனிக்காரர் நல்ல மனிதர், தாக்கல் செய்துவிடுவார் என்று இருந்துவிட்டேன். கெடு முடிந்த பிறகுதான் தெரிந்தது. அன்று 1956 சட்டம் நடைமுறையில் இருந்ததால் கம்பெனி லா போர்டுக்குப் போய்த் தாமதத்தைப் பொறுத்தருள மனுப் போட முடிந்தது. பல வாரத் தூக்கம் கெட்டாலும் தப்பித்தேன். இன்று அந்தக் கதவு கிடையாது. 2018 நவம்பர் 2 அன்றோ அதற்குப் பிறகோ உருவான சார்ஜ் என்றால் 30 நாள், கூடுதல் கட்டணத்தோடு 60 நாள் வரை, அதற்கு மேல் கடன் தொகையைப் பொறுத்த கட்டணத்தோடு இன்னும் 60 நாள். ஆக மொத்தம் 120. 121-வது நாள் யார் காலில் விழுந்தாலும் சார்ஜ் உருவானதைப் பதிய வழியில்லை.

சில வருடங்களுக்கு முன் கோவைப் பக்கம் ஒரு வார்ப்படத் தொழிற்சாலை விஷயத்தில் இதன் முழு வலியையும் பார்த்தேன். மெஷின் வாங்கக் கடன். ஹைப்பாதிகேஷன் பத்திரம், அதாவது பொருள் கடன் வாங்கியவர் கையிலேயே இருக்க அதன் மேல் ஈடு கொடுக்கும் பத்திரம், அழகாக எழுதப்பட்டிருந்தது. ஒவ்வொரு மெஷினிலும் கடன் கொடுத்தவரின் பெயரைப் பெயின்டில் எழுதியும் வைத்திருந்தார்கள். சிஎச்ஜி-1 தாக்கலாகவில்லை, ஈடுகளைப் பதியும் மத்தியப் பதிவகமான செர்சாயிலும் ஏற்றவில்லை. கம்பெனி கலைப்புக்குப் போனதும் லிக்விடேட்டர் இவர்களை ஈடில்லாக் கடன்காரர் பட்டியலில் சேர்த்துவிட்டார்.

அந்தப் பட்டியலில் சேர்வதன் அர்த்தம் திவால் சட்டத்தின் 53-வது பிரிவைப் படித்தால் புரியும். முதலில் கலைப்புச் செலவு. அடுத்து, தொழிலாளர்களின் கடைசி 24 மாத நிலுவையும், ஈட்டை விட்டுக்கொடுத்துப் பொதுவில் சேர்ந்த ஈட்டுக் கடன்காரரும் சம வரிசையில். அப்புறம் மற்ற ஊழியர்களின் 12 மாதச் சம்பளம். அதற்கும் கீழேதான் ஈடில்லாமல் கடன் கொடுத்தவர். வார்ப்படக் கம்பெனியில் பணம் அந்தப் படிவரை இறங்கவே இல்லை. மெஷின்கள் விற்றுப் போனபோது தங்கள் பெயர் எழுதிய மெஷின்கள் லாரியில் ஏறுவதை அந்த மேலாளர் பார்த்துக்கொண்டு நின்றார்.

வண்டிக் கடன் கொடுப்பவர்கள், "ஆர்சி புக்கில்தான் எங்கள் பெயர் இருக்கிறதே" என்பார்கள். 2020-ல் வோக்ஸ்வேகன் ஃபைனான்ஸ் தொடுத்த வழக்கில் தேசியக் கம்பெனிச் சட்ட மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் இதற்குப் பதில் சொல்லிவிட்டது. ஒரு கம்பெனிக்குக் கொடுத்த கார் கடன் அது. ஆர்சியில் ஹைப்பாதிகேஷன் பதிவு இருந்தது, ஆனால் 77-வது பிரிவின்படி சார்ஜ் பதியப்படவில்லை. ஈட்டுக் கடன்காரர் என்ற தகுதி கிடைக்கவில்லை. கலைப்பு ஒழுங்குமுறைகளில் செர்சாய் பதிவும் ஈட்டுக்கு ஆதாரமாகச் சொல்லப்பட்டிருக்கிறதே என்று கேட்கலாம். அதை வைத்து வாதாடலாம்தான். ஆனால் 30 நாளில் ஒரு படிவம் போட்டிருந்தால் வாதமே வேண்டியிருக்காதே.

இதற்குள்ளேயே மூன்று சின்னப் பள்ளங்கள் உண்டு. முதலாவது, நாள் எண்ணுவது. கெடு சார்ஜ் உருவான நாளிலிருந்து ஓடுகிறது, பணம் விட்ட நாளிலிருந்து அல்ல. பத்திரம் ஒன்றாம் தேதி, பணம் இருபத்தைந்தாம் தேதி என்றால் இருபத்துநாலு நாள் ஏற்கெனவே போய்விட்டது. இரண்டாவது, கட்டணம் கட்டிய சலானைப் பார்த்து ஃபைலை மூடுவது. திருத்தி மறுபடி தாக்கல் செய்யச் சொல்லிப் பதிவாளர் திருப்பி அனுப்பியிருப்பார், அந்த மெயில் கம்பெனிக்காரரின் பெட்டியில் தூங்கும். சிஎச்ஜி-2 சான்றிதழ் கையில் வரும்வரை எதுவும் முடியவில்லை. மூன்றாவது, கம்பெனி இழுத்தடித்தால் காத்திருப்பது. 30 நாளில் அவர்கள் பதியாவிட்டால் கடன் கொடுத்தவரே விண்ணப்பிக்கலாம் என்கிறது 78-வது பிரிவு. பதிவாளர் கம்பெனிக்கு நோட்டீஸ் கொடுத்து, 14 நாளில் அவர்கள் தாங்களே பதியவோ தக்க காரணம் சொல்லவோ இல்லையென்றால் உங்கள் விண்ணப்பத்தை ஏற்பார். கட்டின கட்டணத்தையும் கம்பெனியிடம் வசூலித்துக்கொள்ளலாம். இருபது வருடத்தில் இந்தப் பிரிவைத் தானாக வந்து கேட்ட வங்கி அதிகாரிகளை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம்.

என் சொந்த வழக்கம் இது: டிஜிட்டல் கையெழுத்தோடு சிஎச்ஜி-1 தயாராகி என் முன்னால் இல்லாமல் பணம் விட ஒப்புதல் கொடுப்பதில்லை. கிளை மேலாளர்கள் கோபித்துக்கொள்வார்கள். பரவாயில்லை.

சாங்ஷன் லெட்டரில் "முதல் சார்ஜ்" என்று எழுதிவிட்டு நம்புவது

கடன் ஒப்புதல் கடிதத்தில் அப்படி எழுதிக் கையெழுத்து வாங்கினால் அது கடன் வாங்கியவர் உங்களுக்குக் கொடுத்த வாக்கு மட்டுமே. முன்னாலேயே சார்ஜ் வைத்திருப்பவரை அது கட்டுப்படுத்தாது. சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 48-வது பிரிவுப்படி முன்னால் உருவான உரிமை முன்னால் நிற்கும். ஐசிஐசிஐ வங்கிக்கும் சிட்கோ லெதர்ஸுக்கும் நடந்த வழக்கில் 2006-ல் உச்ச நீதிமன்றம், கம்பெனி கலைப்புக்குப் போனாலும் முதல் அடமானக்காரரின் முன்னுரிமை இரண்டாமவருக்கு எதிராக அழிந்துவிடாது என்று சொன்னது. சம உரிமை, அதாவது பரி பாசு, வேண்டுமென்றால் பழைய வங்கியின் கடிதம் வேண்டும். "பேசியாச்சு, வந்துவிடும்" என்பது கடிதம் ஆகாது.

லிமிட்டை உயர்த்திவிட்டுப் பழைய பதிவிலேயே இருப்பது

2 கோடிக்கு அடமானம். அடுத்த வருடம் கடன் லிமிட் 5 கோடி. பத்திரம் அதேதானே என்று விட்டுவிடுகிறார்கள். இடையில் வேறொருவர் அதே சொத்தில் இரண்டாவது அடமானம் வாங்கியிருந்தால், கூடுதல் 3 கோடிக்கு நீங்கள் அவருக்குப் பின்னால். சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 93-வது பிரிவு, பின்னால் கொடுத்த கடனை முன்னால் உள்ள அடமானத்தோடு ஒட்டிக்கொண்டு முந்துவதைத் தடுக்கிறது. விதிவிலக்கு அதே சட்டத்தின் 79-வது பிரிவில்: இனிமேல் கொடுக்கப்போகும் கடனுக்கும் சேர்த்து அதிகபட்சத் தொகையை அடமானத்திலேயே குறித்திருந்தால், அதை அறிந்து பின்னால் வருபவர் அந்தத் தொகை வரைக்கும் உங்களுக்குப் பின்னால்தான். அதனால் தொகையை யோசித்து எழுதுங்கள். உயர்த்தினால் மாற்றத்தையும் சிஎச்ஜி-1-ல் பதியுங்கள், கெடு அதற்கும் அதேதான்.

செர்சாயைத் தள்ளிப்போடுவது

2020 ஜனவரி 24 முதல், அங்கே பதியாமல், நீதிமன்றம் போகாமலே ஈட்டுச் சொத்தைக் கைப்பற்றி விற்க வழிசெய்யும் சர்ஃபாசி சட்டத்தில் நடவடிக்கை எடுக்க முடியாது. பதிந்தால் வரி பாக்கிகளுக்கும் முன்னால் நிற்கும் உரிமையை அந்தச் சட்டத்தின் 26E பிரிவு தருகிறது. அன்றே பதியுங்கள்.

வில்லங்கம் சுத்தமாக இருக்கிறது என்று திருப்தியடைவது

வில்லங்கச் சான்றில் பதிவான ஆவணங்கள் மட்டும்தான் வரும். தமிழ்நாட்டில் பத்திரம் ஒப்படைத்து வைக்கும் அடமானத்தின் ஒப்பந்தத்தைக் கட்டாயம் பதிய வேண்டும் என்ற திருத்தம் 2012 டிசம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் வைத்த எத்தனையோ அடமானங்கள் சார்பதிவாளர் புத்தகத்தில் கிடையாது. அசல் தாய்ப்பத்திரத்தைக் கேளுங்கள். "தொலைந்துவிட்டது, போலீஸ் சான்று இருக்கிறது, பேப்பரில் விளம்பரம் கொடுத்தாச்சு" என்று யாராவது சொன்னால் அங்கேயே நிறுத்துங்கள். அந்தப் பத்திரம் பெரும்பாலும் வேறொரு வங்கியின் பெட்டகத்தில் பத்திரமாக இருக்கும்.

பி.எஃப். பாக்கியைக் கேட்காமல் விடுவது

அதற்குச் சட்டமே முதல் சார்ஜ் கொடுத்திருக்கிறது. சலான்களை வாங்கிப் பாருங்கள்.

தீர்ந்த கடனின் சார்ஜைத் தீர்க்காமல் விடுவது

கடன் அடைந்ததும், சார்ஜ் தீர்ந்ததைப் பதியும் சிஎச்ஜி-4 படிவத்தைப் போட வேண்டும். யாரும் அவசரப்படுவதில்லை. பிறகு புது வங்கி தேடிப் பார்க்கும்போது என்றைக்கோ அடைந்த கடன் இன்னும் முதல் சார்ஜாக கம்பெனி விவகார அமைச்சகத்தின் எம்சிஏ தளத்தில் நிற்கும். இணைந்து பெயர் மாறிப்போன பழைய வங்கியில், அந்தக் கணக்கை அறிந்தவர் யாரும் இல்லாத கிளைக்கு ஆள் அனுப்பித் தடையில்லாக் கடிதம் வாங்க எனக்கு ஒருமுறை நான்கு மாதம் ஆனது. அதுவரை புதுக் கடன் வரவில்லை, அந்தக் கம்பெனியில் இரண்டு மாதம் சம்பளம் தள்ளிப்போனது.

போன் செய்த அந்த இளம் அதிகாரியின் சிஎச்ஜி-1 நூற்றிரண்டாம் நாள் தாக்கலானது. சான்றிதழ் வந்துவிட்டது. கட்டணத்தை யார் ஏற்பது என்று வங்கியும் கம்பெனியும் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.